வேண்டின்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நானும் உன் மச்சானும் நலம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்து உட்கார்ந்திருக்கிறது, குளிரோடு போகும் என்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? உன் மனைவிக்கு இருமல் விட்டதா? உன் மகள் வாலுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா, இல்லை இன்னும் காற்று போகிற மாதிரிதான் பேசுகிறாளா?

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சிரி. தீயணைப்பு நிலையத்தில் தினமும் பத்து மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பவள் நான். வீட்டுக்கு வந்தும் அதையே தூக்கச் சொன்னால் காது அழுதுவிடும். தவிர, போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் அப்படி நழுவ முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கால்வாய்க்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அக்கரைக்காரர்கள். எங்கள் நகராட்சிக்கு இருப்பது ஒரே தீயணைப்பு வண்டி. அதை ஓட்டுகிற உன் மச்சான் அதற்கு வைத்த பெயர் சண்டி, காலையில் நாலு தடவை தட்டிக் கொடுத்தால்தான் கிளம்பும். அக்கரையில் மூன்று வண்டிகள், மூன்றும் புதுசு, தினமும் குளிப்பாட்டி நிறுத்துகிறார்கள். எங்கள் மெத்தைக்காரர் தெருவில் தீப்பிடித்தால் அக்கரை நிலையத்திலிருந்து பெரிய பாலம் வழியாக மூன்று நிமிடத்தில் வந்துவிடலாம். எங்கள் நிலையம் ஊரின் தெற்குக் கோடியில். நடுவில் ரயில்வே கேட் வேறு. கேட் திறந்திருந்தால் பன்னிரண்டு நிமிடம், மூடியிருந்தால் கடவுள் விட்ட வழி.

மெத்தைக்காரர் தெருவில் பஞ்சு அடிக்கிற ஒரு அம்மா இருக்கிறார். மாதம் ஒண்ணாம் தேதி தவறாமல் எனக்குப் போன் போடுவார். "ஒண்ணுமில்லம்மா, போன் வேலை செய்யுதான்னு பாத்தேன். பஞ்சுக்கு நடுவுல பொழைக்கிறவ, பாத்து வச்சுக்கணும்ல" என்பார். நிலையத்தில் அவருக்கு டெஸ்டிங் அம்மா என்றுதான் பெயர்.

ஐந்து நகராட்சிகளும் சேர்ந்து ஒப்பந்தம் போடப் போவதாகவும், அதை எழுதுவது உங்கள் கூட்டுக்குழு அலுவலகம்தான் என்றும் கேள்விப்பட்டேன். எழுதுகிற மேஜையில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான். எங்கே தீப்பிடித்தாலும் பக்கத்தில் இருக்கிற வண்டி, எந்த ஊர் வண்டி என்று பார்க்காமல், செல்ல வேண்டும். அவ்வளவுதான். மற்றதை உங்கள் பாஷையில் எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாலுக்கு என் முத்தம்.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பல் முளைத்துவிட்டது. இப்போது பேச்சும் இரண்டு மடங்கு. மச்சானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அவர் மறுத்தாலும் கொடு.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மாதம் முழுக்க அந்த ஒப்பந்தம்தான். நீளமான மேஜை, ஐந்து ஊர்க்காரர்கள், பத்து நாற்காலிகள், இருபது கோபங்கள். அக்கரை செயலாளர் தன் வீட்டுத் தண்ணீரைத் தானே பாட்டிலில் கொண்டுவருகிறார். "எங்க ஜனங்க வரியில வாங்கின வண்டிங்க. அது வெளியூர்ல நிக்கும்போது எங்க வீடு எரிஞ்சா நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்கிறார். உங்கள் ஊர்ப் பிரதிநிதி பாவம், தொண்டையைச் செருமுவதோடு சரி. அக்கரைக்கு நம்மேல் அக்கறை வர நாளாகும் என்று நான் சிலேடை சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் செயலாளர் ஆள் மோசமில்லை. இடைவேளையில் வாலுவின் படிப்பைப் பற்றியெல்லாம் விசாரித்தார். நாங்கள் வீடு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

நீ எழுதியதை மறக்கவில்லை. உன் வாக்கியத்தை அப்படியே ஏழாவது பிரிவில் வைத்திருக்கிறேன்: "செல்ல வேண்டும்."

உன் தம்பி

*

பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். ஒத்தடம் கொடுத்தேன், கத்தினார், கொடுத்தேன்.

உன் கடிதத்தை நிலையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "செல்ல வேண்டும்" வந்ததும் உன் மச்சான் சண்டியின் ஹாரனை அடித்தார். பக்கத்து டீக்கடைக்காரர் எங்கேயோ தீ என்று கடையை விட்டு ஓடிவந்துவிட்டார்.

ஆனால் ஒன்று தம்பி. நீ சின்ன வயதில் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நம் வீட்டில் யாருமே கேட்டதில்லை. "பென்சில் தீந்துபோச்சு" என்று சொன்னால் அப்பா பென்சில் வாங்கி வருவார். "கால் வலிக்குது" என்று அம்மா சொன்னால் நீயோ நானோ தண்ணீர்க் குடத்தைத் தூக்குவோம். சொன்னாலே கேட்ட மாதிரிதான். அந்த வழக்கம் எனக்கு இந்த வேலைக்குச் சௌகரியமாகிவிட்டது. போனில் மூன்றே விஷயம்: எந்த இடம், என்ன எரியுது, உள்ளே ஆள் இருக்கா. தயவுசெய்து, கொஞ்சம், முடியுமா எதுவும் கிடையாது. அதைச் சொல்கிற நேரத்தில் ஒரு அறை எரிந்துவிடும் என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்தார்கள்.

மேஜையில் நீ அப்படிச் சும்மா சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதே. அங்கே இருப்பவர்கள் நம் அப்பா இல்லை. கேள், விடாமல் கேள்.

வீடு விஷயம் என்ன ஆயிற்று? வாலு என்ன சொல்கிறாள்?

அக்கா

*

ஏப்ரல் 3

அன்பு அக்காவுக்கு,

சுகம்தானே? நாங்கள் நலம். நல்ல செய்தி! ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஐந்து ஊரும் போட்டுவிட்டன, அக்கரையும் சேர்த்து. எங்கள் அலுவலகத்தில் இப்படி நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஏழாவது பிரிவில் ஒரு சின்ன மாற்றம். "செல்ல வேண்டும்" என்றால் கையெழுத்தே போடமாட்டோம் என்று அக்கரை எழுந்துவிட்டது. மூன்று நாள் இழுபறி. கடைசியில் எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவருக்கு ஒரு வார்த்தை தோன்றியது. இப்போது அந்த வரி: "அருகிலுள்ள நகராட்சியின் வண்டி, வேண்டின், உடனே செல்லும்." ஒரே ஒரு வார்த்தை அக்கா, ஐந்து பேனாவும் திறந்துகொண்டன.

பயப்படாதே. வேண்டின் என்றால் தேவைப்பட்டால் என்றுதான் அர்த்தம். தீ என்றால் தேவைதானே? உங்கள் பிரதிநிதிக்கும் அப்படித்தான் விளக்கம் சொல்லப்பட்டது. மச்சானை இன்னொரு தடவை ஹாரன் அடிக்கச் சொல்.

உன் தம்பி

*

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

நலம். மச்சான் ஹாரன் அடிக்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் தம்பி நல்லாத் தமிழ் எழுதறான்" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னால் திருப்தி இல்லை என்று அர்த்தம்.

அந்த "யாரோ ஒருவர்" யார் என்று எனக்குத் தெரியாதா? வேண்டின் என்று இன்று யாரடா எழுதுகிறார்கள்? நாலாம் வகுப்பில் லீவு லெட்டரில் "காய்ச்சல் வேண்டின் நாளையும் வரமாட்டேன்" என்று எழுதி, வாத்தியார் அதை வகுப்பு முழுக்கப் படித்துக் காட்டி, நீ ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாயே. அந்த வார்த்தை உன்னை விடவில்லை.

சிரிக்கத்தான் எழுதுகிறேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. எங்கள் பிரதிநிதிக்கு "தேவைப்பட்டால்" என்று விளக்கம் சொல்லப்பட்டது என்கிறாய். அக்கரைச் செயலாளருக்கு என்ன விளக்கம் சொல்லப்பட்டது? அதை நீ எழுதவில்லை. வேண்டுவது என்றால் கேட்டுக்கொள்வது என்றும்தான் அர்த்தம். விரும்புவது என்றும் அர்த்தம். ஒரு வார்த்தைக்குள் மூன்று ஆள் உட்கார்ந்திருந்தால், தீப்பிடிக்கிற அன்றைக்கு எவன் எழுந்து வருவான்?

பதில் போடு. உன் கடிதம் வந்த அன்றே டெஸ்டிங் அம்மாவை நானே கூப்பிட்டேன். இனிமேல் மூன்று நிமிடத்தில் வண்டி வரும் என்று சொன்னேன். "நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அக்கா

*

மே 28

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமே அறிய ஆவல். வேலை தலைக்குமேல், அதனால்தான் பதில் இத்தனை தாமதம்.

வாலுக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்புக்கு இருபது பிள்ளைகள்தான், தோட்டம், நூலகம் எல்லாம் உண்டு. அந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குத்தான் அங்கே இடம் என்பதால் வீடும் மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு வேலைக்குப் போகத் தூரம்தான், ஆனால் குழந்தைக்காக. வீடு சின்னது. காற்று நன்றாக வருகிறது, ஜன்னலைத் திறந்தால் கால்வாய் தெரிகிறது. சாமான்கள் இன்னும் பிரிக்கவில்லை. கடிதங்களைப் பழையபடி அலுவலக முகவரிக்கே அனுப்பு.

நீ கேட்ட வார்த்தை விஷயம், சட்டப் பிரிவில் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் பிரச்சினை இல்லை. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். வாலுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எங்கள் ஊர்ப் பள்ளியில் வகுப்புக்கு எழுபது பேர், அதுவும் கூரை ஒழுகாத நாளில்.

கால்வாய் நீளமானது. எந்த இடத்துக் கால்வாய் என்று நீ எழுதவில்லை. உறையின் மேல் இருந்த தபால் முத்திரையில் அக்கரை என்று இருந்தது. மை கொஞ்சம் கலைந்திருந்தது, நான் தப்பாகப் படித்திருக்கலாம்.

சாமான் பிரிக்க ஆள் துணை இல்லாவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

அக்கா

*

ஜூலை 23

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மச்சான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றும் இல்லை. நீ செய்தித்தாளில் பார்த்திருப்பாய். ஆனாலும் நான் எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி மதியம் இரண்டு நாற்பதுக்கு டெஸ்டிங் அம்மாதான் கூப்பிட்டார். குரலைக் கேட்டதும், "என்னம்மா, இன்னைக்கு ஒண்ணாம் தேதியா?" என்று நான் சிரித்துவிட்டேன் தம்பி. சிரித்துவிட்டேன். "இல்லம்மா, நெஜமாவே எரியுது" என்றார். போனை வைத்துவிட்டுப் பின்பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண்களை வெளியே தள்ளப் போயிருக்கிறார். நாலு பேரும் வெளியே வந்தார்கள், அவர் வரவில்லை.

சண்டி உடனே கிளம்பியது, அன்றைக்கென்று தட்டவே தேவையிருக்கவில்லை. இரண்டு நாற்பத்தொன்றுக்கு நான் அக்கரை நிலையத்துக்குச் சொன்னேன்: "மெத்தைக்காரர் தெரு, மூணாவது பட்டறை. பஞ்சு எரியுது. உள்ளே ஆள் இருக்கு." அந்தப் பக்கத்துப் பையன், "குறிச்சுக்கிட்டேன்" என்றான். நான் அடுத்த அழைப்பை எடுக்கப் போய்விட்டேன். மூன்று நிமிடத்தில் போய்விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கேட் மூடியிருந்தது, நீளமான சரக்கு ரயில். உன் மச்சான் சண்டியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, இறங்கி, பெட்டிகளுக்கு அடியில் புகுந்து அந்த முழங்காலோடு ஓடியிருக்கிறார். இரண்டு நாற்பத்தொன்பதுக்கு அவர் தெருவிலிருந்து போன் செய்தார். "அக்கரை வண்டி எங்க? பாலத்து முனையில நிக்குது, எனக்குத் தெரியுது, ஏன் வர மாட்டேங்குது?"

நான் மறுபடி அக்கரைக்குப் போட்டேன்.

"வண்டி பாலத்துக்கிட்ட ரெடியா இருக்குங்க. அதிகாரி உத்தரவுக்கு நிக்குது."

"எதுக்கு உத்தரவு?"

"நீங்க கேட்டீங்களான்னு கேக்கறாங்க."

"என்னத்தக் கேக்கணும்? எரியுதுன்னு சொல்றேனே!"

"சொன்னீங்க. கேட்டீங்களா?"

அதற்கப்புறம் நான் கெஞ்சினேன். என்னென்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை. இரண்டு ஐம்பத்தேழுக்கு வண்டி பாலம் ஏறியது. அதற்குள் உன் மச்சான் உள்ளே போய் அந்த அம்மாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். தகரக் கூரை விழுந்ததை இரண்டு கையாலும் தாங்கியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்த அம்மா போய்விட்டார். மச்சானுக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்துபோய்விட்டன. மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க முடியுமா என்று டாக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நான் வேறொன்றும் எழுதவில்லை. எழுதினால் தப்பாக எதாவது எழுதிவிடுவேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம். மச்சான் அவர்கள் விரைவில் குணமடைய நாங்கள் மூவரும் பிரார்த்திக்கிறோம். செய்தி அறிந்து மிகவும் வருந்தினேன். நேரில் வர நினைத்தும், விசாரணை நடக்க இருப்பதால் கூட்டுக்குழு ஊழியர்கள் சம்பந்தப்பட்டவர்களைச் சந்திப்பது முறையாக இருக்காது என்று சொல்லப்பட்டதால் வர இயலவில்லை. நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விசாரணையில் உங்களையும் அழைப்பார்கள் என்று தெரிகிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். மனதைத் தளரவிடாதீர்கள்.

இன்னொன்று. மச்சான் வீடு திரும்பும்போது அறை சுத்தமாக, தூசு இல்லாமல் இருக்க வேண்டும். பழைய காகிதங்கள், கடிதங்கள் போன்றவை இடத்தை அடைக்கும், தூசும் சேரும். அவற்றைக் கழித்துவிடுவது நல்லது.

இத்துடன் மருந்துச் செலவுக்காகச் சிறிது அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

*

செப்டம்பர் 2

தம்பிக்கு,

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கையிலும் கட்டு. சோறு நான்தான் ஊட்டுகிறேன். "கல்யாணத்தப்போ கூட நீ எனக்கு இப்படி ஊட்டலையே" என்கிறார். ஒரு நாள் சிரிக்கிறார், மறுநாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார்.

வீட்டில் தூசு இல்லை. நீ அனுப்பியதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபத்தில் இல்லை, மருந்து நகராட்சியிலேயே தருகிறார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோதுதான் அழுதேன். தீப்பிடித்த அன்றுகூட அழவில்லை.

அக்கரை நகராட்சியின் வாக்குமூலத்தின் நகல் எனக்கு வந்தது. அதில் இப்படி இருக்கிறது: "முதல் அழைப்பில் தீ பற்றிய தகவல் மட்டுமே இருந்தது, வேண்டுகோள் ஏதும் இல்லை. வேண்டுகோள் வந்தது 2.49க்குத்தான். ஒப்பந்தம் பிரிவு ஏழின்படி, வேண்டின் என்பதற்குக் கோரிக்கை விடுத்தால் என்பதே பொருள் என்று எங்களுக்கு அப்போதே விளக்கப்பட்டது." ஆக அந்த முதல் எட்டு நிமிடம் என் தலையில். நான் கேட்கத் தவறிவிட்டேனாம்.

விசாரணை உங்கள் கட்டடத்தில். இரண்டாம் மாடி, பதினெட்டாம் தேதி, காலை பத்து மணி. ஒரே ஒரு அதிகாரி விசாரிக்கிறார். அந்த வார்த்தைக்கு இரண்டு விளக்கம் சொல்லப்பட்டது என்று தெரிந்தவர் யாராவது வந்து சொன்னால், அந்த எட்டு நிமிடம் என் பெயரிலிருந்து இறங்கிவிடும் என்று எங்கள் நிலைய அதிகாரி சொல்கிறார். இல்லாவிட்டால் என்னைப் போனிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அவ்வளவுதான் விஷயம்.

அக்கா

*

செப்டம்பர் 25

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பதினெட்டாம் தேதி நான் முதல் மாடியில் என் நாற்காலியில்தான் இருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு நீ படியேறுவதைப் பார்த்தேன். அந்த நீலச் சேலை, கையில் பை. நீ என் பக்கம் திரும்பவில்லை. பதினொரு மணிக்கு இரண்டாம் மாடியில் அன்றைய போன் பதிவை ஓட்டினார்கள். கதவு திறந்திருந்தது போலிருக்கிறது, உன் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. "பஞ்சு எரியுது. உள்ளே ஆள் இருக்கு." மூன்று தடவை ஓட்டினார்கள். நான் எழுந்தேன். படிக்கட்டு வரைக்கும் வந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வார்த்தை என்னுடையது. உங்கள் ஆளிடம் தேவைப்பட்டால் என்று சொன்னதும் நான், அக்கரைச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டால் என்று சொன்னதும் நான். இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கிறதே, தீ என்று வந்தால் மனிதர்கள் அகராதியைப் பார்த்துக்கொண்டா நிற்பார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை நான் வாயால் சொன்னால் வேலை போகும். வீட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவர் செயலாளர்தான், அதுவும் வெளியே வரும், வாலுவின் பள்ளிக்கூடமும் போகும். இதையெல்லாம் படிக்கட்டில் நின்று கணக்குப் போட்டேன். அதற்குள் நீ இறங்கி வந்துவிட்டாய். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

உன் கடிதத்தை நூறு தடவை படித்தேன். இடம், தேதி, மணி எல்லாம் எழுதியிருந்தாய். வா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன் அக்கா. சத்தியமாக வந்திருப்பேன்.

என் முகவரியை இனியும் மறைக்க முடியாது: அக்கரை, கால்வாய்க்கரைக் குடியிருப்பு, நான்காம் தெரு, ஏழாம் எண், இரண்டாம் மாடி.

உன் தம்பி

*

அக்டோபர் 6

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். மச்சானுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. டம்ளரைப் பிடிக்கிறார், ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. வாலு நன்றாகப் படிக்கிறாளா?

உத்தரவு வந்துவிட்டது. என்னைக் குடிநீர்ப் பிரிவில் கோப்பு அடுக்கப் போட்டிருக்கிறார்கள். அங்கே போன் கிடையாது, காதுக்கு நிம்மதி. ஒண்ணாம் தேதி மட்டும் காலையிலிருந்து எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன என்று மத்தியானம்தான் புரிந்தது.

என் இடத்துக்குப் புதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். மேஜைமேல் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள், அக்கரைக்குப் போன் செய்யும்போது முதலில் அதைப் படிக்க வேண்டுமாம்: "எங்கள் நகராட்சியின் சார்பில், தங்கள் வண்டியை அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்." நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நிதானமாகப் படித்தால் ஒன்பது விநாடி. அதற்கப்புறம்தான் எந்த இடம் என்று சொல்லலாம்.

விசாரணையில் என்னிடம், "வேண்டின் என்றால் தேவைப்பட்டால் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன் என்றேன். உன் ஏப்ரல் மாதக் கடிதம் என் பையில்தான் இருந்தது, கைக்குட்டைக்கு அடியில். வெளியே எடுக்கவில்லை. எடுக்காதது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. டெஸ்டிங் அம்மாவின் மகள் அந்த அறையில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அவளுக்குச் சேர வேண்டியது என்று தினமும் தோன்றுகிறது. ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வண்டியும் பாலம் வரைக்கும் வந்தது தம்பி. படித்ததும் உன்மேல் வந்த கோபத்தில் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். மச்சான்தான் அந்த விரல்களால் எடுத்து நீவி, முகவரி இருந்த பக்கத்தை மேலே வைத்து மடித்தார்.

போன வியாழக்கிழமை புது ஓட்டுநருக்கு வழி காட்ட மச்சான் சண்டியில் பக்கத்து இருக்கையில் போனார். என்னையும் ஏற்றிக்கொண்டார். தெற்கே சின்னப் பாலம் இருக்கிறதல்லவா, சண்டியைத் தாங்குமா என்று பயந்தோம், தாங்கியது. அதைத் தாண்டினால் உன் நான்காம் தெரு. எங்கள் நிலையத்திலிருந்து நாலு நிமிடம். உங்கள் அக்கரை நிலையம் வடக்குக் கோடியில், அங்கிருந்து உன் வீட்டுக்குப் பதினோரு நிமிடம், மச்சான் அதையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் மாடியில் வாலு நின்றுகொண்டிருந்தாள். சிவப்பு வண்டி என்றதும் கையை ஆட்டினாள். உள்ளே இருப்பது அத்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. நாங்களும் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டோம்.

புதுப் பெண்ணிடம் உன் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன், மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். அந்த அட்டை நாங்கள் அக்கரையைக் கூப்பிடுவதற்கு மட்டும்தான். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் எதையும் படிக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள் வர வேண்டாம், வந்தால் எங்கள் எண்ணுக்குப் போடு. எந்த இடம் என்று சொல். என்ன எரியுது சொல். உள்ளே யார் இருக்காங்க சொல். சொன்னால் போதும், கேட்க வேண்டாம்.

அக்கா